கந்தோர், ரியூசன், இரவுப் பிட்டு: வயிறு இடம் தரவில்லை, சாப்பாட்டில் எங்கே கை வைப்பது?

#1 கோண்டாவில்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு யாழ்ப்பாணம் ரவுணில் கந்தோர் வேலை. இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில், சின்னவள் முதலாம் ஆண்டு. இவர் வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டில் நிற்பார். மாமி எங்களோடுதான் இருக்கிறா. முழங்கால் வருத்தத்தால் அவவுக்கு அடுப்படியில் கனநேரம் நிற்க ஏலாது.

கரைச்சல் என்னுடைய வயிறு. சாப்பிட்ட கையோடு ஊதிக்கொண்டு வரும். இரவு படுத்தால் நெஞ்செரிவு, புளித்த ஏப்பம். சில கிழமை மலச்சிக்கல், சில கிழமை காலையில் பஸ் பிடிக்க முதல் இரண்டு மூன்று தரம் கழிப்பறைக்கு ஓட்டம். கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் சின்ன அழற்சி, வேறொன்றும் இல்லை என்றார்கள். ஒமிப்பிரசோல் (அமிலம் குறைக்கிற குளிசை) தந்து "காரம், புளி, எண்ணெய் குறையுங்கோ" என்று அனுப்பினார்கள். குறைத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை.

என் நாளைச் சொல்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பி வெறும் வயிற்றில் ஒரு தேத்தண்ணி. பிள்ளைகளுக்குப் பிட்டோ இடியப்பமோ அவித்துக் கட்டிக் கொடுத்து, கோப்பையில் மிஞ்சியதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவேன். பத்து மணிக்குக் கந்தோரில் பால்தேத்தண்ணியும் பிஸ்கட்டும். ஒரு மணிக்குச் சோறு. பின்னேரம் ரியூசன் வாசலில் பிள்ளைக்கு வாங்கும்போது எனக்கும் ஒரு ரோல்ஸ். வீட்டுக்கு வந்து சமைத்து, இராச்சாப்பாடு ஒன்பதரை. பத்தேகாலுக்குப் படுக்கை.

எனக்கு மட்டும் தனிச் சமையல் செய்ய நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. ஒரே அடுப்பில் எல்லாருக்கும் ஆகிற மாதிரி யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கோ.

#2 மிதிவெடி_பிரியன்

அக்கா, நான் பெயருக்கு ஏற்ற ஆள், முட்டை வைத்துப் பொரித்த மிதிவெடி ரோல்ஸ் என்றால் விடமாட்டேன், என்னிடம் ஆலோசனை கேட்காதேங்கோ. இழையைப் பின்தொடர்கிறேன். எனக்கும் அதே நெஞ்செரிவு, பிள்ளைகள் மட்டும்தான் இன்னும் இல்லை.

#3 பனங்கூடல்

பிள்ளை, காலையில் பழஞ்சோறு. இரவு நீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிழிந்து, தயிரும் சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் போட்டுக் குடித்தால் வயிறு குளிர்ந்து கிடக்கும். கிழமைக்கு இரண்டு நாள் ஒடியல் கூழ். நாங்கள் சாவகச்சேரியில் தோட்டம் கொத்திய காலத்தில் காஸ்ரிக் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தப் பாணும் கொத்து ரொட்டியும் வந்த பிறகுதான் எல்லா வருத்தமும்.

#4 நெல்லியடி_ரீச்சர்

பனங்கூடல் அண்ணை, அந்தக் காலத்திலும் வருத்தம் இருந்தது, குன்மம் என்று பெயர். என் அப்பப்பா குன்ம வயிற்றோடுதான் காலம் தள்ளினார். அதோடு ஒடியல் கூழ் நல்ல சாப்பாடுதான், ஆனால் செத்தல் மிளகாய் அரைத்து, பழப்புளி விட்டு, நண்டும் இறாலும் போட்ட கூழை நெஞ்செரிவுக்காரர் இரவில் குடித்தால் விடியும் வரை நித்திரை இல்லை. மாவை ஊறவிட்டுத் தண்ணீர் மாற்றிக் கசப்பெடுக்கவும் ஆள் வேண்டும். வேலைக்குப் போகிற பெண் எந்த நேரத்தில் செய்வது?

கோண்டாவில் தங்கச்சி, நீங்கள் எழுதிய நாளைத் திரும்ப வாசித்தேன். எனக்குத் தட்டுப்பட்டது சாப்பாட்டை விட மணிதான். ஒன்பதரைக்கு வயிறு நிறையப் பிட்டு, முக்கால் மணித்தியாலத்தில் படுக்கை. சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவே இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும். தேங்காய்ப்பூவும் பொரியலும் கூடினால் இன்னும் பிந்தும். அதற்குள் சரிந்து படுத்தால் புளிப்பு மேலே ஏறாமல் என்ன செய்யும்?

என் வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். பிள்ளைகள் ரியூசனுக்கு இறங்க முதலே, நாலரை ஐந்துக்குள், உண்மையான சாப்பாடு. மதியம் சமைத்த சோறும் மரக்கறியும், அல்லது காலையில் அவித்து வைத்த இடியப்பமும் சொதியும். திரும்பி வந்த பிறகு ஒரு கோப்பை கஞ்சியோ, ஒரு வாழைப்பழமோ, பசித்தால் ஒரு முட்டையோ. இராச்சாப்பாடு என்ற பெரிய சடங்கே வீட்டில் இல்லாமல் போய்விட்டது. முதலில் மாமியார் முகம் சுளித்தா. பிறகு இரவில் கழுவ வேண்டிய சட்டி பானை குறைந்ததைப் பார்த்து அவவே ஆதரவு.

இன்னொன்று, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் காலுக்கொரு கல் வையுங்கோ, அரை அடி உயர்ந்தால் போதும். தலையணி அடுக்கினால் கழுத்துத்தான் நோகும், வயிறு மடிந்து இன்னும் மோசம். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும்.

#5 மருந்துச்சீட்டு

முப்பது வருடத்துக்கு மேல் மருந்தகத்தில் நின்றவன், இப்போது ஓய்வு. சாப்பாட்டுக்கு முதல் சில கேள்விகள்.

ஒமிப்பிரசோலை எப்போது போடுகிறீர்கள்? காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகப் போட்டால்தான் அது முழுதாக வேலை செய்யும். சாப்பிட்ட பிறகு போடுகிற ஆட்கள்தான் எனக்குத் தெரிந்து கூட.

கழுத்து, இடுப்பு நோவுக்கு டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போடுகிறீர்களா? காரத்தை நிற்பாட்டிவிட்டு இந்தக் குளிசையைத் தொடர்ந்தால் இரைப்பைப் புண் ஆறாது.

எச். பைலோரி என்ற கிருமிக்குச் சோதித்தார்களா? கவலையும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டு இருந்தபோது, 1982இல் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷல், ரொபின் வாரன் என்ற இருவர் இந்தக் கிருமியைப் பிடித்தார்கள். மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்து வயிற்றழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமி இருந்தால் எந்தக் கஞ்சியும் மோரும் அதை அகற்றாது, அன்ரிபயோட்டிக் வேண்டும். மூச்சு அல்லது மலச் சோதனை என்றால் இரண்டு கிழமைக்கு முன்னமே ஒமிப்பிரசோலை நிற்பாட்ட வேண்டி வரும், அதை வைத்தியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கறுப்பு மலம், இரத்தம், காரணமில்லாமல் மெலிவு, விழுங்கக் கஷ்டம், தொடர் வாந்தி, இரத்தச்சோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இதில் ஒன்றாவது இருந்தால் இந்த இழையை மூடிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கோ. ஐம்பது தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கின கரைச்சல் என்றாலும் அப்படித்தான்.

#6 கோண்டாவில்_அம்மா

நன்றி ஐயா. அந்த அறிகுறிகள் ஒன்றும் இல்லை. எச். பைலோரிக்குக் கமரா விடும்போதே சதை எடுத்துப் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. நோக்குளிசை போடுவதில்லை. ஒமிப்பிரசோல் உறையில் "காலை 1" என்று மட்டும்தான் எழுதித் தந்தார்கள், முன்னா பின்னா என்று ஒருவரும் சொல்லவில்லை. நாளையிலிருந்து எழும்பின உடனே.

ரீச்சர், நாலரைச் சாப்பாடு பிள்ளைகளுக்குச் சரிவரும். நான் கந்தோரால் வரவே ஐந்து. யோசிக்கிறேன்.

#7 மெல்பேர்ண்_மருமகள்

நான் ஊரில் கொக்குவில், இப்போது மெல்பேர்ண். உங்களுடைய ஊதலும், மாறி மாறி வருகிற மலச்சிக்கலும் வயிற்றோட்டமும் எனக்கும் இருந்தது. எனக்கு ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்றார்கள். இங்கே மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான, பொட்மாப் குறைக்கிற முறையைத்தான் உணவு ஆலோசகர் தந்தா. பொட்மாப் என்கிற சில மாச்சத்து, சர்க்கரை வகைகளைச் சிறுகுடல் சரியாக உறிஞ்சாது. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய், அங்கே பக்டீரியா புளிக்க வைத்துக் காஸ் ஆக்கும். அதுதான் ஊதல்.

எங்கள் சாப்பாட்டில் அது கூட இருப்பது வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு கடலை, பால், மாம்பழம், கஜு. பயமில்லாதவை சோறு, அரிசிமா, முட்டை, மீன், கோழி, கத்தரிக்காய், கரட், பப்பாசிப்பழம், தோடம்பழம், அன்னாசி. தேங்காய்ப்பால் கொஞ்சமாக ஆகும். இரண்டிலிருந்து ஆறு கிழமை குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துவருகிறது எது வரவில்லை என்று பிடிப்பதுதான் முறை. சாகும்வரை பத்தியம் இருக்கிற கதை இல்லை. அப்படி இருந்தால் குடலில் இருக்கிற நல்ல பக்டீரியாவும் பட்டினி.

ஒரு சமையல் வித்தை சொல்கிறேன். வெங்காயம், உள்ளியில் இருக்கிற அந்தச் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆனபடியால் உள்ளியை முழுப் பல்லாக எண்ணெயில் போட்டு, பொன்னிறம் வந்ததும் கரண்டியால் அள்ளி வெளியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளியுங்கோ. வாசம் முழுக்க எண்ணெயில் நிற்கும். குழம்பு கொதித்த பிறகு உள்ளியைப் பொறுக்கி எடுத்தால் பலன் இல்லை, அதற்குள் தண்ணீரில் இறங்கிவிடும். அந்த எண்ணெயைப் போத்தலில் விட்டு வெளியில் வைக்காதேங்கோ, உள்ளி எண்ணெய் நஞ்சாகும். அன்றைக்கு அன்றைக்குச் செய்வதுதான் நல்லது.

#8 பனங்கூடல்

வெங்காயமும் உள்ளியும் இல்லாத யாழ்ப்பாணச் சமையலா! சின்ன வெங்காயம் நட்டு வளர்ந்த மண்ணில் நின்றுகொண்டு இதைக் கேட்க வேண்டிக் கிடக்கு.

#9 மானிப்பாய்_தகப்பன்

அண்ணை, கோபிக்காதேங்கோ, வெங்காயத் தாளைப் போடலாமாம், பச்சைப் பகுதியில் அந்தச் சத்துக் குறைவு. லீக்ஸின் பச்சை இலையும் அப்படித்தான்.

நான் மனைவி வெளிநாட்டில் வேலை செய்வதால் மூன்று பிள்ளைகளையும் அடுப்பையும் ஒருங்கே பார்க்கிற ஆள். கோண்டாவில் தங்கச்சிக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, பிட்டு என்றால் எந்த மா? எங்கள் வீடுகளில் அரிசிமாவோடு அவித்த கோதுமைமா கலந்துதான் குழைக்கிறோம், பூப்போல உதிரும், விலையும் குறைவு. இடியப்பமும் அப்படித்தான், அவித்த கோதுமைமா என்றால் உரலில் பிழியக் கை நோகாது. அதால் "நான் கோதுமையே தொடுவதில்லை, பிட்டுத்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர்கள் காலையும் இரவும் கோதுமைதான் சாப்பிடுகிறார்கள். காலை பிட்டு, பத்து மணிக்குப் பிஸ்கட், பின்னேரம் ரோல்ஸ், இரவு பிட்டு. உங்கள் நாளில் கோதுமை இல்லாத ஒரே நேரம் மதியச் சோறு. வறுத்த சிவப்பரிசி மாவில் மட்டும் குழைத்துப் பாருங்கோ. கொதிதண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறி, கை சூடு பொறுக்கிற பதம் வந்ததும் விரல் நுனியால் உதிர்த்து, சுண்டுப் பேணியின் விளிம்பால் கொத்தினால் கட்டி வராது. குரக்கன்மா பாதி கலக்கலாம், நார்ச்சத்தும் கல்சியமும் கூட.

இரண்டாவது தூள். எங்கள் கறித்தூளில் செத்தல் மிளகாய்தான் ராசா. வைத்தியர் காரம் குறை என்றால் தூளைக் கால் கரண்டி குறைப்போம், குழம்பு சப்பென்று இருக்கும், பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள், மறு கிழமை பழையபடி. அதை விட்டுவிட்டு, பிள்ளை பெற்ற வீட்டில் வைக்கிற சரக்குக்கறியை நினையுங்கோ. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு). நான் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சரக்குத்தூளை வறுத்து இடித்து ஒரு போத்தல் வைத்திருப்பேன். மிளகை அரைவாசியாக்கினால் சின்னவர்களும் தின்பார்கள். மீனும் முருங்கைக்காயும் இந்தத் தூளில் தண்ணிப்பாலோடு வைத்தால் எல்லாருக்கும் ஒரே சட்டி. காரம் வேண்டியவருக்கு மேசையில் இடித்த சம்பல். சண்டை முடிந்தது.

#10 நெல்லியடி_ரீச்சர்

இடித்த சம்பல் மேசையில் என்பது அருமையான தீர்வு. எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு எல்லாச் சட்டியிலும் காரம் வேண்டும் என்று இல்லை, ஒரு சட்டியில் இருந்தால் போதும்.

பால்தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லையே. பால்மாவிலும் லக்டோஸ் அப்படியே இருக்கிறது, மா ஆக்கினால் போய்விடாது. வளர்ந்த பிறகு அதைச் சரியாகச் செரிக்க முடியாதவர்கள் உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எங்கள் பகுதியிலும் கனபேர் இருக்கிறார்கள். இரண்டு கிழமை வெறுந்தேத்தண்ணி குடித்துப் பாருங்கோ, அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம். தயிரில் லக்டோஸ் குறைவு, அனேகமாக ஒத்துவரும்.

#11 சுன்னாகச்சந்தை

மலச்சிக்கலுக்கு நான் ஒன்று சொல்லலாமா? சந்தையில் கீரை விற்கிறவன் நான், அதால் நான் சொன்னால் வியாபாரம் என்று சிரிப்பீர்கள். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்கண்ணி, முசுட்டை போட்ட இலைக்கஞ்சி, இதெல்லாம் மதியத்தில் ஒரு பிடி. தீட்டின வெள்ளை அரிசியை விட்டுத் தவிட்டோடு இருக்கிற சிவப்பு அரிசி, மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு உடுக்கு மாதிரி ஊதும். கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கோ. தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் சிக்கல் இன்னும் இறுகும், கந்தோரில் போத்தலை மேசையில் வையுங்கோ.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் வருத்தம் என்று சந்தையில் ஒரு கதை அடிபடும். கேத்தலில் படிகிற வெள்ளைக் காரை சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரின் கடினம். அதால் நெஞ்செரிவு வருவதாக எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரும் சொல்லவில்லை.

#12 கோண்டாவில்_அம்மா

எல்லாவற்றையும் வாசித்து, ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும் என்பதால் முதலில் நேரமும் பால்தேத்தண்ணியும். மாவும் தூளும் அடுத்தது. வெங்காயம் கடைசி, பனங்கூடல் ஐயா கொஞ்சம் ஆறுதல் படட்டும்.

இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று வெள்ளிக்கிழமை. மாமிக்காக விரதம் இருக்கிறேன், இரண்டு மணி வரை வெறும் வயிறு, பிறகு வாழையிலை நிறைய மரக்கறி, பருப்பு, பாயசம், வடை. அன்று இரவுதான் மோசம். நல்லூர்த் திருவிழா தொடங்கினால் 25 நாளும் இந்தக் கதிதான். மற்றது மூத்தவன். சோதனை நெருங்க நெருங்க வயிறு நோகுது என்கிறான், மூன்று நாளைக்கு ஒருதரம்தான் மலம் போகிறான். அவனுக்கும் என் பத்தியம் ஆகுமா?

#13 மருந்துச்சீட்டு

பிள்ளைக்கு உங்கள் பத்தியம் வேண்டவே வேண்டாம். வளர்கிற பிள்ளைக்கு வெங்காயம், பருப்பு, கோதுமை என்று வெட்டக்கூடாது. அவனுக்குத் தேவை நாரும் தண்ணீரும் நேரமும். வயதோடு ஐந்தைக் கூட்டினால் வருகிற கிராம் அளவு நார்ச்சத்து ஒரு நாளைக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், பத்து வயது என்றால் 15 கிராம். பால் குடித்தே வயிறு நிரம்புகிற பிள்ளைகளுக்குச் சிக்கல் கூட, அதையும் பாருங்கோ. காலைச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடத்துக்குள் கழிப்பறையில் இருத்துங்கோ, சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும். கொமேட் என்றால் காலுக்குக் கீழே ஒரு பலகை. நித்திரையால் எழுப்புகிற நோவு, இரத்தம், மெலிவு, பச்சை வாந்தி என்றால் உடனே வைத்தியர்.

#14 நெல்லியடி_ரீச்சர்

பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் போகிறானா என்றும் கேளுங்கோ. அருவருப்பில் ஏழு மணித்தியாலம் அடக்கி வைக்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தால் அதுதான் காரணம், போக வேண்டி வரும் என்று குடிக்காமல் இருக்கிறது.

விரதத்துக்கு: காலையில் பாலோ பழமோ எடுக்கிற விரதமும் விரதம்தான். பால் உங்களுக்கு வேண்டாம், இரண்டு இதரை வாழைப்பழமும் இளநீரும் எடுங்கோ. மத்தியானம் இலையில் பாதியைச் சாப்பிட்டு, பருப்பையும் வடையையும் பின்னேரம் நாலு மணிக்கு வையுங்கோ. மாமியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவவின் நெஞ்செரிவைப் பற்றி முதலில் விசாரியுங்கோ. இந்த வயதில் இல்லாமல் இருக்காது.

#15 கோண்டாவில்_அம்மா

கனநாளாக எழுதவில்லை, சோதனை முடியட்டும் என்று இருந்தேன்.

நேரம்தான் பெரிய மாற்றம். காலையில் சோறும் சரக்குக்கறியும் இரண்டு பெட்டி கட்டுகிறேன், ஒன்று மதியத்துக்கு, மற்றது கந்தோர்க் குளிர்ப்பெட்டியில். வெளிக்கிட முதல் அங்கேயே சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் ரியூசன் வாசலுக்குப் போகிறேன். ரோல்ஸ் கண்ணில் பட்டாலும் பசி இல்லை. இரவு கஞ்சி. நெஞ்செரிவு இப்போது கிழமையில் ஒரு நாள் வந்தாலே அதிகம்.

பால்தேத்தண்ணியை நிற்பாட்டியதும் காலை ஓட்டம் நின்றது. திரும்பக் குடித்துப் பார்த்தேன், அன்றைக்கே ஓட்டம். அது தெளிவாகிவிட்டது. அரிசிமாப் பிட்டில் ஊதல் பாதி குறைந்தது. ஆனால் பாண் இரண்டு துண்டு சாப்பிட்டால் ஒன்றும் செய்யவில்லை, அளவுதான் பிரச்சினை போல. வெங்காயத்தைக் கைவிட வேண்டி வரவில்லை. உள்ளி பச்சையாகச் சம்பலில் போனால்தான் கரைச்சல். கடலை மட்டும் ஒரு மாதிரியும் ஒத்துவரவில்லை, கோயில் கடலையும் சேர்த்துத்தான்.

மாமி இப்போது சரக்குக்கறிக்காரி. தனக்கும் நெஞ்செரிவு இருந்ததாம், இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

மருந்துச்சீட்டு ஐயா, சுகமாக இருப்பதால் ஒமிப்பிரசோலை விட்டுவிடட்டுமா?

#16 மருந்துச்சீட்டு

திடீரென்று விடாதேங்கோ. கனநாள் போட்டுவிட்டு ஒரேயடியாக நிற்பாட்டினால் அமிலம் முன்னையை விடக் கூடச் சுரந்து சில கிழமை எரிக்கும், வருத்தம் திரும்பிவிட்டது என்று பயந்து ஆட்கள் திரும்பக் குளிசைக்கே போவார்கள். அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ. அளவைப் பாதியாக்குவதா, ஒன்றுவிட்ட ஒரு நாள் போடுவதா என்று அவர்கள் சொல்வார்கள். விடுகிற அந்தக் கிழமைகளில் இரவுக் கஞ்சியைக் கைவிடாதேங்கோ, திருவிழாக் காலமாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.